சிறு பொருள்கள் சொல்லும் பெருங்கதை: மாயர் சிற்றூர்களின் அன்றாட வாழ்க்கை

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

இருபத்தைந்து ஆண்டுகளைக் கடந்து நிற்கும் இக்கழகத்தின் விழாவில் வரலாறு பற்றிச் சில சொற்கள் கூறுமாறு என்னைப் பணித்தார்கள். வரலாறு என்றவுடன் நம் மாணவர்களின் நினைவுக்கு வருவன அரசர்களின் பெயர்களும் போர்கள் நிகழ்ந்த ஆண்டுகளுமே. தேர்வில் கேட்கப்படுவனவும் பெரும்பாலும் அவையே. இன்று நான் அரசர்களைப் பற்றிப் பேசப் போவதில்லை. அமெரிக்கக் கண்டங்களின் நடுப்பகுதியில், ஏறத்தாழ 1,400 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த உழவர்களின் சட்டி பானைகளைப் பற்றியும், அவர்கள் கூரையில் செருகி வைத்த கத்திகளைப் பற்றியும், நூல் நூற்ற தக்களிகளைப் பற்றியும் பேசப் போகிறேன். உழைத்து உண்ட மக்களின் வாழ்வை அறிய விரும்புவோர்க்கு அப்பொருள்களே ஏடுகள்.

மாயர் என்போர் யாவர்?

தெற்கு மெக்சிகோ, குவாத்தமாலா, பெலீஸ் ஆகிய பகுதிகளிலும், ஹோண்டுராஸ், எல் சால்வடோர் நாடுகளின் மேற்குப் பகுதிகளிலும் தழைத்தது மாயர் நாகரிகம். கி.பி. 250 முதல் 900 வரையுள்ள காலத்தை அதன் சிறப்புக் காலம் என்பர் ஆய்வாளர். திக்கால், பலென்கே, கோபான் முதலிய நகரங்களில் வானளாவிய கோயில்களை அவர்கள் எழுப்பினார்கள். சுழியத்தை அறிந்திருந்தார்கள். வியக்கத்தக்க நாட்காட்டியை வகுத்தார்கள். தமக்கென ஓர் எழுத்து முறையையும் கண்டார்கள்.

அந்த எழுத்துகள் நெடுங்காலம் படிக்கப்படாமல் இருந்தன. 1952இல் யூரி நோரசோவ் என்ற சோவியத் அறிஞர் அவற்றுள் பல ஒலிகளைக் குறிப்பன என்று காட்டிய பின்னர், படிப்படியாகப் பூட்டுத் திறந்தது. கல்வெட்டுகள் பேசத் தொடங்கின. அவை பேசியது என்ன? இன்ன அரசன் இன்ன நாளில் பிறந்தான். இன்ன நாளில் அரியணை ஏறினான். இன்ன பகைவனைச் சிறைப்பிடித்தான். இன்ன தெய்வத்திற்குத் தன் குருதியைப் படைத்தான். சோளம் விதைத்தவன் பெயர் அங்கே இல்லை. கோயிலுக்குக் கல் சுமந்தவன் பெயரும், அவனுக்கு மாவரைத்துக் கொடுத்த பெண்ணின் பெயரும் இல்லை.

ஏடுகளிலேனும் ஏதேனும் இருந்திருக்குமோ என்றால், அவற்றையும் காலம் விட்டு வைக்கவில்லை. 1562ஆம் ஆண்டில் யுகத்தான் பகுதியின் மானி என்னும் ஊரில், தியேகோ தெ லாந்தா என்னும் ஸ்பானியத் துறவி மாயரின் ஏடுகளைத் திரட்டித் தீயிலிட்டார். அத்தகைய அழிவுகளுக்கெல்லாம் தப்பி இன்று உலகில் எஞ்சியிருப்பவை நான்கே நான்கு ஏடுகள். அவையும் வானியலும் சடங்கும் பற்றியவை.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். காடு மூடிக் கிடந்த மாயர் நகரங்களை ஐரோப்பியரும் அமெரிக்கரும் கண்டு வியந்தபோது, அங்கேயே வாழ்ந்து கொண்டிருந்த எளிய மாய உழவர்களைப் பார்த்து, ‘இவர்களுடைய முன்னோரா இவற்றைக் கட்டியிருப்பார்கள்?’ என்று பலர் ஐயுற்றனர். எகிப்தியர் வந்து கட்டினர் என்றார் சிலர். கடலில் மூழ்கிய ஏதோ ஒரு கண்டத்தார் கட்டினர் என்றார் வேறு சிலர். 1839இல் அந்நகரங்களைத் தேடிச் சென்ற ஜான் லாயிட் ஸ்டீபன்ஸ் என்பவர், 1841இல் வெளியிட்ட தம் நூலில், இவற்றைக் கட்டியவர் இம்மண்ணின் மக்களுடைய முன்னோரே என்று எடுத்துரைத்தார். ஒரு மக்களின் கையில் மண்வெட்டியைக் கண்டவர்கள், அந்தக் கைக்கு உளியும் எழுதுகோலும் தெரிந்திருக்கும் என்று நம்ப மறுத்தார்கள் என்பதை நம் இளைஞர்கள் கருத்திற் கொள்ள வேண்டும்.

கல்வெட்டு அரசனை மட்டும் பேசுகிறது. ஏடுகள் எரிந்து போயின. வந்தவர்களோ உழவனை நம்ப மறுத்தனர். அப்படியாயின் உழவனின் வாழ்வை நாம் எப்படி அறிவது? அவன் வீட்டுப் பொருள்களைக் கொண்டுதான் அறிய வேண்டும்.

சாம்பல் காத்த சிற்றூர்

எல் சால்வடோர் நாட்டில் ஹோயா தெ செரேன் என்றோர் இடம் உண்டு. மாயர் பண்பாட்டு உலகின் தென்கிழக்கு எல்லையில் அமைந்த சிற்றூர் அது. அவ்வூருக்கு அரைக்கல் தொலைவுக்கும் குறைவான இடத்தில், ஏறத்தாழ 1,400 ஆண்டுகளுக்கு முன், நிலம் வெடித்தது. ஆற்று நீரும் நெருப்புக் குழம்பும் கலந்து சீறி, நுண்ணிய ஈரச் சாம்பல் ஊரின் மேல் படிந்தது. லோமா கால்டேரா என்று அந்த எரிமலை வாய்க்குப் பெயர். சில மீட்டர் ஆழத்திற்குச் சாம்பல் அடுக்கடுக்காக ஊரை மூடிவிட்டது.

1976ஆம் ஆண்டில் தானியக் கிடங்கு அமைப்பதற்காக நிலத்தைச் சமன் செய்த இயந்திரம் ஒன்று, மண்ணுக்குள் ஒரு வீட்டின் மேல் மோதியது. கூரைப்புல்கூட அழியாமல் இருந்ததால், அது அண்மைக் கால வீடாகத்தான் இருக்கும் என்று முதலில் எண்ணிவிட்டார்கள். 1978இல் கொலராடோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேசன் ஷீட்ஸ் என்னும் தொல்லியல் பேராசிரியர் அந்தப் புல்லை ஆய்வுக்கு அனுப்பினார். கரிமக் காலக் கணிப்பு அதன் வயதை ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்டுகள் என்று காட்டியது. பின்னர் அந்நாட்டில் உள்நாட்டுப் போர் மூண்டு 1992 வரை நீடித்தது. பணி இடையில் நின்று, எண்பதுகளின் இறுதியில் மீண்டும் தொடர்ந்தது. 1993இல் யுனெஸ்கோ அவ்வூரை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது.

அங்கே அரண்மனை இல்லை, பொன் இல்லை, அரசன் சிலையும் இல்லை. குடியிருப்பு வீடுகளும், அடுக்களைகளும், களஞ்சியங்களும், ஊர்ப் பொதுக் கட்டடம் ஒன்றும், பலர் ஒன்றாக அமரத்தக்க நீராவிக் குளியல் அறை ஒன்றுமே உண்டு. இதுவரை அகழ்ந்த பகுதியில் அந்த வெடிப்பில் மாண்ட மனிதர் உடல் ஒன்றும் கிடைக்கவில்லை. மக்கள் வீட்டையும் பொருளையும் விட்டுவிட்டு உயிர் தப்ப ஓடியிருக்கிறார்கள். வழக்கமாக ஓர் ஊரைவிட்டு நீங்குவோர் பயனுள்ள பொருள்களை எடுத்துச் செல்வர். பிற்காலத்து ஆய்வாளர்க்கு உடைந்த ஓடுகளே எஞ்சும். இங்கோ எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தன. அதனால்தான் இந்தச் சிற்றூர், பெருநகரங்கள் சொல்லாதவற்றைச் சொல்லுகிறது.

அடுக்களையில் தொடங்குவோம்

ஓர் உழவர் குடும்பம் ஒரே வீட்டில் எல்லாவற்றையும் செய்யவில்லை. உறங்குவதற்கு ஒரு கட்டடம், பண்டங்களை வைப்பதற்கு ஒன்று, சமைப்பதற்கு ஒன்று எனத் தனித்தனியே வைத்திருந்தது. சுவர்கள் கழிகளை நட்டு மண் பூசியவை. நிலநடுக்கம் மிகுந்த அந்நாட்டில், அடித்தால் வளைந்து கொடுக்கும் இத்தகைய சுவரே பாதுகாப்பானது. அவ்வறிவு உழவர்க்கு இருந்தது.

அடுக்களையில் மூன்று கல் அடுப்பு. அருகே பானைகள். பானைகளில் அவரை இனத்தைச் சேர்ந்த பயறும் சோளமும். கூரையிலிருந்து கட்டித் தொங்கவிட்ட மிளகாய். நம் அம்மியை ஒத்த அரைகல்லும் குழவியும் அங்கே உண்டு. அவ்வரைகற்களுள் சிலவற்றைத் தரையில் வைக்காமல், கவைக்கோல்களை நட்டு அவற்றின் மேல் ஏற்றி வைத்திருந்தார்கள். குனிந்தும் மண்டியிட்டும் நாளெல்லாம் அரைத்தால் முதுகும் முழங்காலும் என்னவாகும் என்பதை அரைப்பவரே அறிவர். நின்றபடி அரைக்க வழி கண்டது யாருடைய அறிவு? எந்தக் கல்வெட்டும் அதைச் சொல்லாது. நான்கு கவைக்கோல்கள் சொல்லுகின்றன.

இன்னொரு சிறு காட்சி. உண்ட பாத்திரங்கள் கழுவப்படாமல் கிடந்தன. ஒரு கலத்தில், உணவை விரலால் வழித்த தடம் அப்படியே பதிந்திருந்தது. அரசர்களின் முகம் கல்லில் இருக்கிறது. இந்த உழவரின் முகம் நமக்குத் தெரியாது. ஆனால், கடைசிக் கவளத்தை அவர் வழித்த விரலின் சுவடு நம்மிடம் இருக்கிறது.

அறிவியல் மாணவர்கள் இங்கே சற்றுக் கவனிக்க வேண்டும். எரிமலை எப்போது வெடித்தது என்பதை எந்த ஏடும் குறிக்கவில்லை. பொருள்களே அதைக் கூறின. வயலில் சோளக் கதிர் முற்றி, தண்டோடு மடக்கி உலர விடப்பட்டிருந்தது; ஆகவே ஆகஸ்டு மாதத்தை ஒட்டிய காலம். உழவுக் கருவிகள் வயலில் இல்லை, வீட்டில் இருந்தன. ஆகவே ஆடவர் வேலை முடித்துத் திரும்பிவிட்டனர். உணவு உண்டாயிற்று, ஆனால் பாத்திரம் கழுவவில்லை. உறங்கும் பாய்கள் இன்னும் விரிக்கப்படவில்லை, சுருட்டியபடியே இருந்தன. ஆகவே பொழுது சாய்ந்து சிறிது நேரம். கதிர், கருவி, கலம், பாய் ஆகிய நான்கையும் சேர்த்து வைத்து, ஒரு நிகழ்ச்சியின் மாதத்தையும் நேரத்தையும் அறிந்தார்கள். சான்றுகளை இணைத்து முடிவு காணும் முறை இதுவே.

கூரையில் செருகிய கத்தி

அம்மக்களிடம் இரும்பு இல்லை. எரிமலைக் கண்ணாடி எனப்படும் கருங்கல்லிலிருந்து மெல்லிய அலகுகளைப் பெயர்த்து எடுத்துக் கத்தியாகப் பயன்படுத்தினர். அதன் கூர்மை நம் சவர அலகை ஒத்தது. அக்கல் செரேனில் விளைவதன்று. இன்றைய குவாத்தமாலாவில் உள்ள இக்ஸ்தெபேகே என்னும் மலைப் பகுதியிலிருந்து வந்தது.

அந்த அலகுகள் எங்கே கிடைத்தன? வீடுகளின் கூரைப்புல்லில், உயரத்தில் செருகப்பட்டிருந்தன. ஏன் அங்கே வைத்தார்கள்? தவழும் குழந்தையும் ஓடியாடும் சிறுவனும் எட்டாத உயரம் அது. கூரிய பொருள் குழந்தையின் கைக்கு எட்டக் கூடாது என்று எண்ணிய தாய் தந்தையரின் அக்கறையை ஆய்வாளர்கள் இதில் காண்கின்றனர்.

இங்கே ஒரு பெரிய பாடம் இருக்கிறது. அதே அலகை யாரேனும் எடுத்து விற்றிருந்தால், அது ஒரு காட்சிப் பேழையில் ‘பழங்காலக் கத்தி’ என்ற சீட்டோடு கிடந்திருக்கும். அது கூரையில் இருந்தது என்ற செய்தியால்தான் ஒரு குடும்பத்தின் அன்பு நமக்குத் தெரிந்தது. ஒரு பொருள் எது என்பதைவிட, அது எங்கே எதனோடு கிடந்தது என்பதே மிகுதியாகப் பேசும். புதைபொருளைத் தோண்டி எடுத்து விற்பவன் பொருளை மட்டும் திருடுவதில்லை. அதன் வாயையும் அடைத்துவிடுகிறான்.

தக்களியும் தாழைநாரும்

செரேனின் வீடுகளில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு தொழிலில் கைதேர்ந்திருந்தது. ஒரு வீட்டார் அரைகல் முதலிய கற்கருவிகளைச் செய்தனர். மற்றொரு வீட்டார் சுரைக்குடுக்கைகளுக்கு வண்ணம் தீட்டினர். இன்னொரு வீட்டாரின் தோட்டத்தில் ஆனைக்கற்றாழை இனத்தைச் சேர்ந்த எழுபது செடிகள் அளவில் நின்றன. அவற்றின் மடலிலிருந்து எடுத்த நார் ஒரு வீட்டின் தேவைக்கு மிக அதிகம். ஊருக்கே கயிறு திரிக்கப் போதுமானது. நூல் நூற்ற தக்களிச் சில்லுகளும் கிடைத்துள்ளன. துணி மட்கிப் போனாலும் சில்லு நிற்கிறது. அதன் எடையையும் துளையையும் கொண்டு, நூற்ற நூல் மெல்லியதா தடித்ததா என்பதைக்கூட ஓரளவு கணிக்கலாம்.

வண்ணக் குடுக்கைகளின் கதை வியப்பானது. குடுக்கை மட்கி மறைந்துவிட்டது. அதன் மேல் பூசிய வண்ணத்தின் மெல்லிய தோல் மட்டும் சாம்பலில் ஒட்டி நின்றது. செடிகளும் அவ்வாறே. சாம்பல் இறுகிய பின் உள்ளிருந்த செடி மட்கிப் போக, அது இருந்த இடம் வெற்றிடமாக நின்றது. பல் மருத்துவர் பயன்படுத்தும் சாந்தை அந்த வெற்றிடத்துள் ஊற்றி, இறுகியதும் சுற்றிலுமுள்ள சாம்பலை நீக்கினார்கள். இலையோடும் தண்டோடும் சோளச் செடியின் வடிவம் கிடைத்தது! இல்லாத பொருளையும் அது விட்டுச் சென்ற வெற்றிடத்தால் அறியலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

தாம் செய்ததில் மிகுந்ததைக் கொடுத்து, தமக்கு வேண்டிய கத்தி அலகையும், வண்ணம் தீட்டிய மட்கலத்தையும், பச்சைக்கல் கோடரியையும் அக்குடும்பங்கள் பெற்றன. ஒரு குடும்பத்தில் எழுபது வரையில் மட்கலங்கள் இருந்தன. சுற்று வட்டாரத்தில் பல சந்தைகள் இருந்திருக்க வேண்டும் என்றும், ஓரிடத்தில் விலை மிகுந்தால் உழவர் வேறிடம் சென்றிருப்பர் என்றும், ஆகவே மேட்டுக்குடியினர் அவர்களை எளிதில் அடக்கிவிட முடிந்திராது என்றும் ஷீட்ஸ் கருதுகிறார்.

வயல்களும் இதையே பேசுகின்றன. 2007இல் ஊருக்குத் தெற்கே ஒரு மரவள்ளி வயல் கண்டறியப்பட்டது. பெரிய பாத்திகள் அமைத்து, கிழங்கை எடுத்துவிட்டு, அடுத்த பயிருக்காகத் தண்டுகளை நட்டிருந்தார்கள். நட்ட சிறிது நேரத்திற்குள் சாம்பல் மூடிவிட்டது. பக்கத்துப் பக்கத்து நிலங்களில் பாத்தியின் அளவும் அமைப்பும் வேறு வேறாக இருந்தன. மேலிருந்து ஒருவன் ஆணையிட்டு எல்லோரும் ஒரே மாதிரி உழுததாகத் தெரியவில்லை. அவரவர் நிலத்தில் அவரவர் முடிவு செய்தனர். ஆனால் ஊருக்குப் பொதுவான பாதையும், பொதுக் கூடமும், குளியல் அறையும் கூட்டாகப் பேணப்பட்டன. தனி உரிமையும் பொதுக் கடமையும் ஓரூரில் சேர்ந்திருந்ததை மண் வரப்பிலே காண்கிறோம்.

மிளகாய், சோளம், மரவள்ளி, கொய்யா, கொக்கோ என்னும் பெயர்கள் உங்களுக்குப் புதியவை அல்ல. மிளகாயும் கொய்யாவும் மரவள்ளியும் அமெரிக்க மண்ணின் விளைபொருள்கள். கொலம்பசின் பயணத்திற்குப் பின்னர், போர்ச்சுகீசியர் முதலிய ஐரோப்பியர் வழியாகவே அவை நம் நாட்டை அடைந்தன. அவற்றைக் காட்டுச் செடிகளிலிருந்து தேர்ந்து தேர்ந்து பயிராக்கியவர் அக்கண்டத்தின் பெயர் தெரியா உழவர்களே. நம் குழம்பின் காரத்தில் அவர்களுக்கும் பங்குண்டு.

எளியோர் கையில் பச்சைக்கல்

சிறு பொருள்கள் நம் எண்ணத்தைத் திருத்தவும் செய்யும். மாயர் உலகில் பச்சைக்கல் மிக உயர்ந்த மதிப்புடையது, பொன்னினும் அரியது. அது மன்னர்க்கும் பிரபுக்களுக்குமே உரியது என்றே நெடுங்காலம் கருதி வந்தனர். இரண்டு இடங்களைப் பாருங்கள்.

பெலீஸ் நாட்டில் சான் என்றொரு பழைய உழவர் ஊர். சிந்தியா ராபின் என்னும் அம்மையார் தலைமையில் 2002 முதல் பல ஆண்டுகள் அங்கு ஆய்வு நடந்தது. கி.மு. 800 முதல் கி.பி. 1200 வரை, ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகள் அவ்வூரில் மக்கள் தொடர்ந்து வாழ்ந்தனர். சுற்றிலும் அரசுகள் எழுந்தன, வீழ்ந்தன, சான் நிலைத்திருந்தது. மலைச் சரிவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிக்கட்டு வயல்களை அமைத்து மண்ணைக் காத்தார்கள். அடுப்புக் கரியை ஆராய்ந்தபோது, முதிர்ந்த காட்டு மரங்கள் அவ்வூரில் கடைசிவரை இருந்தமை தெரிந்தது, காட்டை மொட்டையடித்துவிடவில்லை. பச்சைக்கல், கடற்சிப்பி, எரிமலைக் கண்ணாடி ஆகியவை ஊர்த் தலைவர் வீட்டில் மட்டுமன்றி எளிய வீடுகளிலும் சிறு அளவிலேனும் கிடைத்தன. வீட்டு முற்றத்து மண்ணைச் சலித்து எடுத்த நுண் சில்லுகளையும், மண்ணில் கலந்த வேதிப் பொருள்களையும் கொண்டு, எங்கே சமைத்தார்கள், எங்கே கருவி செய்தார்கள் என்பதைக்கூட வகுத்துக் காட்டினார்கள்.

இரண்டாவது, பெலீசின் தென்கரையில் உள்ள பெய்ன்ஸ் கிரீக் உப்பளங்கள். கடல் மட்டம் உயர்ந்ததால் அவை நீருக்கடியில் சென்றுவிட்டன. அலையாத்திக் காட்டின் சேறு மரக்கட்டைகளை அழியாமல் காத்தது. ஹெதர் மெக்கில்லப் என்னும் தொல்லியல் பேராசிரியை தம் குழுவினருடன் அங்கே நூற்றுக்கும் மேற்பட்ட உப்புக் காய்ச்சும் இடங்களைக் கண்டறிந்தார். உப்பு நீரைப் பானைகளில் ஊற்றி, அடியில் மண் உருளைகளை முட்டுக் கொடுத்து, தீயிட்டு வற்றவைத்தார்கள். 2004இல் ஒரு படகுத் துடுப்பு கிடைத்தது. உப்பு நீர்வழியே உள்நாட்டு நகரங்களுக்குச் சென்றதற்கு அது சான்று. அங்குக் கிடைத்த கற்கருவிகளின் விளிம்பை நுண்ணோக்கியால் நோக்கினர். பெரும்பாலானவை மீனையோ இறைச்சியையோ அறுத்தமையால் தேய்ந்தவை என்று தெரிந்தது. ஆகவே உப்போடு உப்புக் கண்டமும் கருவாடும் அணியமாகியிருக்க வேண்டும்.

அந்த உப்பளம் ஒன்றில் மரப்பிடியோடு கூடிய ஓர் உளி கிடைத்தது. 2019இல் அதன் ஆய்வு முடிவுகள் வெளிவந்தன. உளியின் அலகு மிக உயர்தரப் பச்சைக்கல்! அரசர் அணிகலனுக்கு உரியது என்று எண்ணிய கல்லை, உப்புக் காய்ச்சுபவர் தம் தொழிற்கருவியாக வைத்திருந்தார். நகரத்திற்கு இன்றியமையாத பண்டத்தைச் செய்தவர், அதற்கு ஈடாக நல்ல பொருளைப் பெறும் நிலையில் இருந்தார் என்று ஆய்வாளர் இதனை விளக்குகின்றனர்.

இதனால் நாம் கொள்ள வேண்டியது யாது? உடலால் உழைத்தவர் எல்லாக் காலத்திலும், எல்லா நாட்டிலும் வெறுங்கையராய், அறிவற்றவராய், பிறர் ஏவியதைச் செய்பவராய் இருந்தனர் என்ற எண்ணம் ஒரு முன்முடிவு. அது சான்றின்றி நம் மனத்தில் ஏற்றப்பட்டது. அதேபோல, அக்காலத்து உழவர் எல்லோரும் குறையின்றி இன்புற்றனர் என்று கூறுவதும் சான்றுக்கு மிஞ்சிய பேச்சே. மாயர் சமுதாயத்தில் உயர்வு தாழ்வு இருந்தது; போரும் இருந்தது; சிறைப்பட்டோர் பட்ட துன்பத்தை அரசரின் சிற்பங்களே பெருமையோடு காட்டுகின்றன. சான்று எவ்வளவு சொல்லுகிறதோ அவ்வளவே நாமும் சொல்ல வேண்டும். ஆனால் அவ்வளவையும் அச்சமின்றிச் சொல்ல வேண்டும்.

மறைந்துவிடாத மக்கள்

‘மாயர் மறைந்து போனார்கள்’ என்று சில நூல்கள் எழுதும். அது தவறு. ஒன்பதாம் நூற்றாண்டையொட்டித் தென்பகுதி நகரங்கள் பல கைவிடப்பட்டன என்பது உண்மை. மக்கள் மறையவில்லை. மாய மொழிகள் ஏறத்தாழ முப்பது இன்றும் பேசப்படுகின்றன. அம்மக்கள் பல இலட்சக்கணக்கில் வாழ்கின்றனர். இடுப்பில் கட்டி நெய்யும் தறியும், மூன்று கல் அடுப்பும் இன்னும் பல வீடுகளில் உண்டு. அகழ்வில் கிடைத்த பொருளின் பயனை ஆய்வாளர்கள் பலமுறை இன்றைய மாயப் பெண்களிடமும் உழவர்களிடமும் கேட்டே தெளிந்திருக்கிறார்கள்.

அவர்கள் அண்மைக் காலத்தில் அடைந்த துயரும் பெரிது. குவாத்தமாலாவில் 1960 முதல் 1996 வரை நடந்த உள்நாட்டுப் போரில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர் அல்லது காணாமற் போயினர் என்று ஐக்கிய நாடுகள் அவையின் துணையுடன் அமைந்த உண்மை அறியும் குழு 1999இல் மதிப்பிட்டது. அடையாளம் காணப்பட்டோருள் நூற்றுக்கு 83 பேர் மாயர். அவர்களுள் ஓர் எளிய உழவர் குடும்பத்தில் பிறந்த ரிகொபெர்த்தா மெஞ்சு என்னும் பெண்மணிக்கு 1992இல் நோபல் அமைதிப் பரிசு கிடைத்தது. ஒரு மக்களுக்குப் பழமையான பெருமை உண்டென்று உலகம் ஒப்புவதும், அதே மக்களை இன்று மனிதராக மதிப்பதும் ஒன்றல்ல. முன்னது மட்டும் நிகழ்ந்தால் போதாது.

இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள்

என் மாணவச் செல்வங்களே! தொல்லியல் என்பது மண்வெட்டியோடு தொலைதூரம் செல்வோர்க்கு மட்டும் உரியதன்று. வீட்டிலேயே தொடங்கக் கூடிய கல்வி அது. மூன்று செயல்களை உங்களிடம் வேண்டுகிறேன்.

முதலாவது, உங்கள் வீட்டிலுள்ள பழைய பொருள்களை ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். அரிவாள், முறம், உரல், உளி, பறை, கூடை, தறிக்கட்டை எதுவாயினும் ஆகுக. அதன் பெயர், அளவு, செய்த பொருள், பயன், அது வீட்டில் வைக்கப்பட்டிருந்த இடம் ஆகியவற்றைக் குறியுங்கள். இடத்தைக் குறிக்க மறவாதீர்கள். கூரையில் செருகிய கத்தியை நினைவிற் கொள்ளுங்கள்.

இரண்டாவது, அதனைப் பயன்படுத்திய பெரியோரிடம் கேளுங்கள். எப்படிப் பிடிப்பது, எங்கே தேய்ந்தது, எவரிடம் வாங்கியது, என்ன விலை கொடுத்தது என்று கேளுங்கள். செரேனின் உழவரிடம் நாம் கேட்க முடியவில்லை. உங்கள் பாட்டியிடம் இன்று கேட்க முடியும். நாளை என்று தள்ளி வைக்க வேண்டா.

மூன்றாவது, நிலத்தில் பழம்பொருள் ஏதும் கண்டால் தோண்டவும் விற்கவும் முற்படாதீர்கள். ஆசிரியரிடமோ வட்டாட்சியர் அலுவலகத்திலோ தெரிவியுங்கள். எழுதப்பட்ட சான்று இல்லாத மக்களுக்கு மண்ணில் உள்ள சான்றே பட்டயம். அதைச் சில காசுகளுக்கு இழப்பது தகாது.

இக்குறிப்பேடுகள் ஆண்டுதோறும் இக்கழக நூலகத்தில் சேருமானால், இன்னும் இருபத்தைந்து ஆண்டுகளில், பொன்விழா நாளில், உழைத்து வாழ்ந்த குடும்பங்களின் வரலாறு நாமே எழுதிய எழுத்தில் இங்கே இருக்கும். யாரோ ஒருவர் வந்து, ‘இவர்களுடைய முன்னோரா?’ என்று கேட்கும் நாளில், நம் பிள்ளைகள் சினம் கொள்ள வேண்டியதில்லை. அலமாரியைத் திறந்து காட்டினால் போதும்.